யாழ் கற்ற முதியவர்

சாக்ரடீஸ் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழும் காட்சி நஞ்சுக் கோப்பையே. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜா ராணி' திரைப்படத்தில், கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலைச் சிவாஜி கணேசன் பேசி நடித்த சிறு நாடகம், ஏதென்ஸ் நகரத்துச் சிந்தனையாளரைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தது. பள்ளி விழாக்களில் மாணவர்கள் அந்த வசனத்தை மனப்பாடமாகப் பேசிக் கைதட்டல் பெற்றனர். வெ. சாமிநாத சர்மா போன்றோர் கிரேக்கச் சிந்தனையைத் தமிழ் நூல்களாகத் தந்து அறிஞர் உள்ளங்களில் அவரை நிலைநிறுத்தினர். அஞ்சாத நெஞ்சம், வளையாத சொல், கலங்காத சாவு ஆகியவையே நாம் அறிந்த சாக்ரடீஸ்.

அவர் வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. வயது முதிர்ந்த பின் அவர் சிறுவர் பயிலும் இசைப்பள்ளிக்குச் சென்றார். அவர்களோடு அமர்ந்து கித்தாரா என்னும் நரம்புக் கருவியை மீட்டக் கற்றார். சிறுவர்கள் சிரித்தனர். அவர் தொடர்ந்து சென்றார். கவிஞர்கள் கூடும் வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு மலரில், அப்பெருமகனாரின் வாழ்வை இந்தப் பக்கத்திலிருந்து காண்பது பொருத்தமாகும்.

கல்தச்சர் மகன்

கி.மு. 469ஆம் ஆண்டளவில் ஏதென்ஸில் பிறந்தவர் சாக்ரடீஸ். தந்தை சோப்ரோனிஸ்கஸ் கல்தச்சர் என்பது மரபுவழிச் செய்தி. தாய் பெனாரிட்டி பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. பிறர் உள்ளத்தில் கருக்கொண்ட எண்ணங்கள் வெளிவரத் தாம் துணை நிற்பதாகச் சொல்லி, தம் பணியைத் தாயின் தொழிலோடு ஒப்பிட்டுக்கொண்டவர் அவர். தட்டையான மூக்கு, பிதுங்கிய விழிகள், செருப்பணியாத கால்கள், கோடைக்கும் குளிருக்கும் ஒரே மேலாடை என்பது அவர் தோற்றம். அவர் எழுதி வைத்த நூல் ஒன்றும் இல்லை. பிளேட்டோ, செனபோன் என்னும் இளைய நண்பர் இருவர் எழுதியவற்றாலும், நகைச்சுவை நாடகாசிரியர்களின் கேலியாலும், பின்வந்தோர் தொகுத்தவற்றாலும்தான் அவரை அறிகிறோம்.

படைவீரராகப் பொட்டிடேயா, டீலியம், ஆம்பிபோலிஸ் ஆகிய மூன்று போர்க்களங்களைக் கண்டார். பொட்டிடேயாவின் பனியில் வெறுங்காலுடன் நடந்ததும், ஓர் எண்ணம் பிடிபடாத நிலையில் பகலும் இரவும் நின்ற இடத்திலேயே நின்றதும், கி.மு. 424இல் டீலியம் தோல்வியின்போது பதறாமல் பின்வாங்கியதும் பிளேட்டோவின் எழுத்தில் பதிவாகியுள்ளன. கி.மு. 406இல் கடற்படைத் தலைவர்களை ஒட்டுமொத்தமாகத் தண்டிக்க மக்கள் மன்றம் ஆர்ப்பரித்தபோது, அது சட்டத்துக்கு மாறானது என்று அவர் தனித்து நின்று மறுத்தார். கி.மு. 404இல் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், குற்றமற்ற லியோன் என்பவரைப் பிடித்து வருமாறு ஆணையிட்டபோது, அதற்கு இணங்காமல் வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு வேளையும் உயிர் போயிருக்கக்கூடும். அவருடைய துணிவைப் பற்றி ஐயம் கொள்வார் யாரும் இல்லை.

ஆயினும் சாவுக்கு அஞ்சாமை வேறு, சிரிப்புக்கு அஞ்சாமை வேறு. போர்க்களத்தில் மார்பைக் காட்டிய வீரர் பலர் தெரு நகைப்புக்கு முன் தலை குனிந்திருக்கின்றனர். சாக்ரடீஸின் இரண்டாவது துணிவைக் காண இசைப்பள்ளிக்குள் நுழைய வேண்டும்.

ஏழு நரம்பு

அக்கால ஏதென்ஸில் குடிமகன் ஒருவனின் பிள்ளைக்கு மூவகை ஆசிரியர்கள் இருந்தனர்: எழுத்துக் கற்பிப்பவர், உடற்பயிற்சி அளிப்பவர், கித்தாரிஸ்டெஸ் என்னும் நரம்பிசை ஆசிரியர். தூரிஸ் என்னும் ஓவியர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய மண் கிண்ணம் ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் தாடி வைத்த ஆசிரியரும் இளம் மாணவனும் எதிரெதிரே அமர்ந்து ஆளுக்கொரு கருவியை மீட்டுகின்றனர். ஆசிரியர் இசைப்பதைக் கண்டும் கேட்டும் மாணவன் அவ்வாறே இசைப்பான். பாடம் நடந்த முறை அதுவே.

ஆமை ஓட்டால் ஆன சிறிய லைராவும், மரப்பேழையால் ஆன பெரிய கித்தாராவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் ஏழு நரம்புகள். இன்று உலகெங்கும் ஒலிக்கும் கிதார் தன் பெயரை இந்தக் கித்தாராவிடமிருந்தே பெற்றது. கருவியின் அமைப்பை நோக்கினால் அது கிதாரைவிட நம் பழந்தமிழ் யாழுக்கே நெருங்கியது. வீணையில் போல் ஒரே தந்தியில் விரல் வைத்துப் பல சுரங்களைப் பெற இயலாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். யாழின் கோட்டில் நரம்பைப் பிணித்த திவவைப் போலவே, கித்தாராவின் குறுக்குக் கட்டையில் தோற்சுற்றுகள் இருந்தன. அவற்றை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்க்க வேண்டும். வலக்கை சிறு கோல் கொண்டு நரம்புகளை மீட்டும். இடக்கை விரல்கள் பின்புறமிருந்து வேண்டாத நரம்பின் ஒலியை அடக்கும். ஒலி எழுப்புவதைவிட ஒலியை அடக்குவது கடினம் என்பதைத் தொடக்க நாளிலேயே கற்பிக்கும் கருவி அது.

விருந்துக் கூடத்தில் லைரா கைமாறி வரும்போது அதை வாங்கி மீட்டிப் பாடுவது ஏதென்ஸ் மேன்மக்களின் வழக்கம். பாரசீகரை வென்ற தெமிஸ்டாக்ளீஸுக்கு அது வராது. அதனால் அவர் கல்வி நிரம்பாதவர் என்று பேசப்பட்டார். நாட்டைக் காத்த தளபதியாலும் அந்தப் பேச்சை ஒதுக்க இயலவில்லை. அத்தகைய ஊரில் கருவி தெரியாதவன் அதை மறைக்கவே முயல்வான். தெரியாது என்பதை ஊரறியச் சொல்லிக் கற்கப் போவதற்குத் தனி மனம் வேண்டும்.

சட்டத்தின்படி தந்தை தமக்கு இளமையிலேயே இசைக்கல்வி அளித்ததைச் சாக்ரடீஸ் ஏற்றுக்கொள்வதாகப் பிளேட்டோவின் 'கிரீட்டோ' காட்டுகிறது. எனினும் முதுமையில் அவர் மீண்டும் சிறுவர் வரிசையில் அமர்ந்தார் என்பதிலிருந்து, இளமையில் பெற்றது போதவில்லை என்பது புலனாகிறது. தெரியாததைக் கற்பதில் கேலிக்கு இடமில்லை என்பதே அவர் கருத்து என்று டயோஜெனீஸ் லேர்ஷியஸ் தம் தத்துவவாதிகள் வரலாற்றில் எழுதுகிறார்.

கொன்னஸின் பள்ளி

அவர் தேர்ந்த ஆசிரியரின் பெயர் கொன்னஸ், மெட்ரோபியஸின் மகன். பிளேட்டோவின் 'யூதிடீமஸ்' என்னும் உரையாடலில் சாக்ரடீஸே தம் நண்பர் கிரீட்டோவிடம் இந்தப் பள்ளி அனுபவத்தைச் சொல்கிறார். உடன் பயிலும் சிறுவர்கள் அவரைக் கண்டு நகைக்கின்றனர். அதோடு நில்லாமல், கொன்னஸுக்குக் கிழவர்களின் வாத்தியார் என்று பட்டப்பெயரும் சூட்டிவிட்டனர். சாக்ரடீஸுக்குத் தம்மைப் பற்றிய கேலி உறுத்தவில்லை. தம்மால் ஆசிரியருக்கு இழுக்கு வந்ததே என்பதுதான் கவலை. அதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. வயது முதிர்ந்த வேறு சிலரையும் பேசி இணங்க வைத்து அதே பள்ளியில் சேர்த்துவிட்டார்! தனி ஒரு கிழவர் இருந்தால் அது வேடிக்கை. பலர் இருந்தால் அது வகுப்பு.

பிறிதோர் இடத்தில் இன்னொரு செய்தியும் கசிகிறது. கொன்னஸ் சொன்னதைச் சொன்னபடி ஏற்காமல் நிற்கும்போதெல்லாம் ஆசிரியருக்குச் சினம் வருமாம். இவர் மந்தபுத்தி உடையவர் என்று எண்ணி, கற்பிப்பதில் அக்கறையைக் குறைத்துக்கொள்வாராம். வயது வந்தபின் கருவி கற்கத் தொடங்கியவர்கள் இதைப் படித்தால் தமக்குள் சிரித்துக்கொள்வர். சிறுவன் ஏன் என்று கேட்பதில்லை. செய்து பார்க்கிறான், விரல் பழகிவிடுகிறது. முதியவருக்கு விரலுக்கு முன்னே வினா வந்து நிற்கிறது. அறிவு நரம்பைத் தாண்டி ஓடுகிறது. விரலோ முதல் நரம்பிலேயே தடுமாறுகிறது. ஏதென்ஸின் அறிஞர்களையெல்லாம் வினாக்களால் திணற வைத்தவர் இசைப்பள்ளியில் மந்தமான மாணவராக நடத்தப்பட்டார். அதை மறைக்காமல் தாமே சொல்லியும் சென்றார்.

பிளேட்டோவின் உரையாடல்கள் கலைப்படைப்புகள். அவற்றின் ஒவ்வொரு வரியையும் வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனால் இந்தச் செய்திக்குப் பிளேட்டோ எழுதத் தொடங்குவதற்கு முற்பட்ட சான்றும் துணை நிற்கிறது. கி.மு. 423ஆம் ஆண்டு டயோனிசஸ் பெருவிழாவில் நகைச்சுவை நாடகப் போட்டி நடந்தது. கிராட்டினஸின் நாடகம் முதற்பரிசு பெற்றது. அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. சாக்ரடீஸைக் கூடையில் தொங்கவிட்டுக் கேலி செய்த நாடகம் அது. மூப்பில் கற்கப் புகுந்து, மறதியால் துரத்தப்படும் குடியானவர் ஒருவரும் அதில் உண்டு. இரண்டாம் பரிசு பெற்றது அமெய்ப்சியஸ் என்பவரின் நாடகம். அதன் பெயரே 'கொன்னஸ்'. இன்று சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. அமெய்ப்சியஸ் மேடையேற்றிய சாக்ரடீஸைப் பற்றிய வரிகள் இந்த நாடகத்தைச் சேர்ந்தவை என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். டீலியத்தில் வாளேந்தி நின்ற மறு ஆண்டே, ஒரே விழாவில் இரண்டு நாடகங்களுக்கு அவர் நகைப்பொருளானார். இசைப்பள்ளியின் சிரிப்பு நகரத்து அரங்கு வரை சென்றுவிட்டது.

செனபோனின் 'விருந்து' இதற்கு இணையான காட்சி ஒன்றைத் தருகிறது. சிராக்யூஸ் நகரத்துக் கூத்தர் ஒருவரின் குழுவினர் ஆடக் கண்ட சாக்ரடீஸ், தாமும் அந்த அசைவுகளைக் கற்க வேண்டும் என்கிறார். எல்லோரும் சிரிக்கின்றனர். உடல் நலத்துக்கும் நல்ல பசிக்கும் உறக்கத்துக்கும் அது உதவும் என்று அவர் அமைதியாக விளக்குகிறார். விடியற்காலையில் அவர் தனியே ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டு, பித்துப் பிடித்துவிட்டதோ என்று முதலில் அஞ்சியதாகக் கார்மிடீஸ் என்னும் இளைஞர் சொல்கிறார். விளக்கத்தைக் கேட்டபின் அவரும் வீட்டுக்குப் போய், ஆடத் தெரியாமையால், குத்துச்சண்டை வீரரைப் போலக் கைகளை வீசிப் பழகினாராம். சிரிக்க வந்தவர் பழகத் தொடங்கிவிட்டார். கொன்னஸின் பள்ளியில் நடந்ததும் இதுவே.

கனவின் கட்டளை

கி.மு. 399இல் மெலீட்டஸ், அனிட்டஸ், லைக்கன் ஆகிய மூவர் தொடுத்த வழக்கை நாம் அறிவோம். நகரத்துத் தெய்வங்களை மதியாமை, புதிய தெய்வங்களைப் புகுத்தல், இளைஞரைக் கெடுத்தல் என்பன குற்றச்சாட்டுகள். முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருப்பார். அப்போது அவருக்கு வயது எழுபது.

தீர்ப்பு வந்த வேளையில் டீலோஸ் தீவுக்கு அப்பல்லோவின் வழிபாட்டுக் கப்பல் புறப்படவிருந்தது. அது சென்று மீளும் வரை ஏதென்ஸில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது என்பது மரபு. கப்பல் திரும்ப முப்பது நாள்கள் ஆயின என்று செனபோன் எழுதுகிறார். அந்த முப்பது நாள்களில் சாக்ரடீஸ் செய்தது என்ன? 'பீடோ' என்னும் பிளேட்டோவின் உரையாடல் விடை தருகிறது. அவர் கவிதை எழுதினார். வாழ்வில் முதன்முறையாக எழுதினார்.

இறுதி நாளன்று நண்பர் செபீஸ் அதைப் பற்றிக் கேட்கிறார். ஈவெனஸ் என்னும் கவிஞர் அறிய விரும்புகிறாராம்: இதுவரை செய்யுளே செய்யாதவர் சிறைக்கு வந்தபின் ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்குவது எதற்காக? தொழிற்கவிஞரின் ஐயம் இயல்பானதே. போட்டிக்கு வருகிறாரோ என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, சாக்ரடீஸ் ஒரு கனவைப் பற்றிச் சொல்கிறார். வாழ்நாள் முழுவதும் பல வடிவங்களில் வந்த கனவு அது. வடிவம் மாறினாலும் கட்டளை மாறவில்லை: இசையை ஆக்கு, அதிலே உழை என்பதே அதன் பொருள்.

கிரேக்கர் மூசிக்கே என்று வழங்கிய சொல்லை நாம் இசை என்று மட்டும் கொண்டால் பொருள் குறுகிவிடும். கலைத்தேவியர் ஒன்பதின்மர்க்கு உரிய அனைத்தும் அதில் அடங்கும். பாட்டும் கருவியும் ஆடலும் செய்யுளும் ஒன்றாகப் பிணைந்த சொல் அது. இயல், இசை, நாடகம் மூன்றையும் முத்தமிழ் என ஒரு சொல்லில் அடக்கிய நமக்கு அதை உணர்வது கடினமன்று. ஓடுகின்றவனை மேலும் ஓடு என்று பார்வையாளர் ஊக்குவது போல, தாம் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த மெய்ப்பொருள் ஆய்வையே கனவு ஊக்குவதாகச் சாக்ரடீஸ் நெடுங்காலம் கருதியிருந்தார். மெய்ப்பொருள் ஆய்வே இசைகளுள் தலையாயது என்பது அவர் கொள்கை. வழக்கு முடிந்து கப்பலுக்காகக் காத்திருந்தபோது ஓர் ஐயம் எழுந்தது. கனவு சொன்னது எல்லோரும் இசையென்று சொல்லும் எளிய இசையைத்தானோ? அப்படியானால் கட்டளையை நிறைவேற்றாமல் போவது பிழையல்லவா?

எழுபது வயதில், சாவு நாள் குறிக்கப்பட்ட பின், தம் வாழ்நாள் விளக்கம் தவறாக இருக்கலாம் என்று ஒருவர் எண்ணிப் பார்க்கிறார். அடுத்து, அந்த ஐயத்துக்குச் செயலால் விடை தேடுகிறார். முதலில் அப்பல்லோவுக்கு ஒரு துதி பாடினார். கவிஞனுக்கு வாதம் போதாது, கதை வேண்டும் என்று உணர்ந்தார். கதை புனையும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதால், மனப்பாடமாக இருந்த ஈசாப்பின் கதைகளை எடுத்துச் செய்யுளில் அமைத்தார். புதிதாகக் கவிதை பயில்வோர் தெரிந்த கதையை எடுத்து யாப்பில் கட்டிப் பார்ப்பது போன்ற எளிய பயிற்சிதான் அது. கொன்னஸின் பள்ளியில் நரம்போடு தடுமாறியவர், சிறைக் கொட்டடியில் சொல்லோடு தடுமாறத் துணிந்தார்.

அன்றைய உரையாடலிலேயே நரம்புக் கருவி ஒரு வாதமாகவும் வருகிறது. சிம்மியாஸ் என்னும் நண்பர் ஒரு தடை எழுப்புகிறார். மரமும் நரம்பும் சேர்ந்த லைராவில் எழும் சுருதி கண்ணுக்குப் புலனாகாதது, அழகியது. ஆயினும் கருவி உடைந்தால் சுருதியும் அழிகிறதே. உடலுக்கு உயிரும் அத்தகையதுதானோ? கேட்டவர்கள் கலங்கினர். சாக்ரடீஸ் கலங்கவில்லை. கருவியும் நரம்பும் சேராத ஒலியும் முன்னே வர, சுருதி கடைசியில்தான் பிறக்கிறது. உயிரோ உடலுக்கு முற்பட்டது என்று முன்பே ஒப்புக்கொண்டோம். ஆகவே உவமை பொருந்தாது என்பது அவர் விடையின் ஒரு பகுதி. வாதத்தின் வலிமையை மெய்யியல் அறிஞர் இன்றும் ஆய்கின்றனர். சுருதி கடைசியில்தான் வரும் என்பதில் மட்டும், தோற்சுற்றை முறுக்கி நரம்பு கூட்டப் பழகிய எவரும் ஐயம் கொள்ளார்.

மாலையில் கோப்பை வந்தது. மற்றதை நாம் அறிவோம்.

எஞ்சியது

சாக்ரடீஸ் கித்தாராவைச் சிறப்பாக மீட்டினார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் செய்யுள்கள் காலத்தால் போற்றப்பட்டவையும் அல்ல. பயனை வைத்து அளந்தால் இரண்டு முயற்சிகளும் தோல்வியே. ஆனால் அவற்றின் செய்தி நூற்றாண்டுகளைக் கடந்தது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய முதுமை பற்றிய நூலில், கிரேக்க மொழியைத் தள்ளாத வயதில் கற்ற கேட்டோ, சாக்ரடீஸ் நரம்பிசை கற்றதை எடுத்துக்காட்டாக நினைவுகூர்கிறார்; தமக்கும் அவ்விருப்பம் உண்டு என்கிறார்.

தமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியும் என்ற அவர் நிலைப்பாட்டை அடக்கம் என்று பாராட்டுவோரும், தந்திரம் என்று ஐயுறுவோரும் உண்டு. அவையில் நின்று அவ்வாறு சொல்வது எளிது. அறிவாளி சொல்லும்போது அதற்கும் கைதட்டல் கிடைக்கும். சிறுவர்கள் சிரிக்கும் பள்ளியில், சினம் கொண்ட ஆசிரியர் முன்னே, விரல் தவறும் ஒவ்வொரு முறையும் அதே சொல்லுக்கு உடலால் சான்று தர வேண்டியிருக்கிறது. அங்கே நடிப்புக்கு இடமில்லை. நரம்பு பொய் சொல்லாது. அவர் அறியாமையைப் பற்றிப் பேசியவை மெய்யென்று நம்புவதற்குக் கொன்னஸின் பள்ளியே எனக்குப் போதிய சான்று.

இலக்கிய வட்டங்களில் பத்தாண்டு என்பது சிறிய காலம் அன்று. தொடக்கத்தில் நடுங்கும் குரலில் முதற்கவிதை படித்தவர்கள் இன்று தலைமை தாங்குகின்றனர், அணிந்துரை எழுதுகின்றனர், பிறர் கவிதையில் தளை தட்டுவதைச் சுட்டுகின்றனர். வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. அதனோடு ஓர் இடரும் வளர்கிறது. பெயர் பெற்றபின் தெரியாத யாப்பில் கை வைக்க அச்சம் வருகிறது. புதிய வடிவில் தடுமாறினால் இளையவர் சிரிப்பரோ என்ற தயக்கம் வருகிறது. மரபில் வல்லவர் புதுக்கவிதையை எழுதிப் பாராமலே இகழ்வதும், புதுக்கவிதையில் வல்லவர் வெண்பாவைப் பயின்று பாராமலே ஒதுக்குவதும் பல வேளை கொள்கையால் அன்று, இந்த அச்சத்தால்தான். அச்சத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அந்த அச்சத்துக்குச் சாக்ரடீஸ் கண்ட மருந்து எளியது. தனியே தடுமாறாமல், வயதொத்த சிலரையும் அழைத்துச் சென்று சேர்ந்து தடுமாறுவது. நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், மாதக் கூட்டங்களில் ஒன்றேனும் அவரவர் தமக்கு வராத வடிவில் எழுதியதைக் கொண்டுவந்து படிக்கும் கூட்டமாக அமையட்டும். இளையவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும்.